வலசைப் பறவையும் நச்சுயிரியும்: தில்லியில் எழுந்த ஐயங்களின் வரலாறு

முன்னுரை

பறவையைத் தூதாக அனுப்புவது தமிழ் இலக்கியத்தின் பழைய மரபு. வடக்கும் தெற்குமாகப் பறந்து திரியும் நாரையும் அன்னமும் தொலைவிலுள்ளோரை இணைக்கும் உயிர்களாகவே புலவர்க்குத் தோன்றின. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே வலசைப் பயணம் வேறொரு கண்கொண்டு நோக்கப்பட்டது. எல்லைகளைக் கடந்து வரும் பறவை தன்னுடன் நோயையும் கொண்டு வருகின்றதா என்னும் வினா எழுந்தது.

இந்தியாவில் இவ்வினாவின் வரலாறு தில்லியோடு பலவகையில் பிணைந்துள்ளது. யமுனைக் கரையில் அமைந்த இந்நகரம் மைய ஆசிய வலசைப் பாதையில் உள்ளது. ஓக்லா நீர்த்தேக்கமும் நஜஃப்கர் ஏரிப்பகுதியும் குளிர்காலத்தில் வடபுல வாத்தினங்களுக்கு இடமளிக்கின்றன. மறுபுறம், பறவை ஆய்வின் மீது எழுந்த அரசியல் ஐயம் 1974, 1975ஆம் ஆண்டுகளில் விசாரிக்கப்பட்டதும் இந்நகரின் நாடாளுமன்றத்திலேயாகும். பறவைக் காய்ச்சலால் உயிரியல் பூங்காவும் செங்கோட்டையும் மூடப்பட்டதும் இங்கேதான். 1957 முதல் 2025 வரை காட்டுப் பறவைகள் மீது எழுந்த இவ்வையங்கள் எத்தகைய சான்றுகளால் மறுக்கப்பட்டன, எவற்றால் உறுதிப்பட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கியாசனூர்க் காடும் சைபீரிய ஐயமும்

1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அன்றைய மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில், சொரபா வட்டத்தைச் சேர்ந்த கியாசனூர்க் காட்டுப் பகுதியில் குரங்குகள் பெருமளவில் மடிந்தன. காட்டை அடுத்த ஊர்களின் மக்கள் கடும் காய்ச்சலுக்கும் குருதிப் போக்குக்கும் ஆளாயினர். குரங்குகளும் மனிதரும் ஒருசேர நோயுற்றதால், ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் காணப்படும் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்னும் அச்சம் முதலில் எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்ஃபெல்லர் நிறுவனமும் இணைந்து 1952இல் பூனாவில் நிறுவிய நச்சுயிரி ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள், டெல்ஃபோர்டு வொர்க் என்பாரின் தலைமையில் இதனை ஆராய்ந்தனர். மஞ்சள் காய்ச்சல் அன்று என்பதும், உண்ணிகளால் பரவும் புதியதொரு நச்சுயிரியே காரணம் என்பதும் விரைவில் புலனாயின. அந்நோய்க்குக் கியாசனூர்க் காட்டு நோய் என்னும் பெயர் அமைந்தது.

இப்புதிய நச்சுயிரி, சோவியத் நாட்டின் தூரக்கிழக்குப் பகுதியில் 1937இல் கண்டறியப்பட்ட இளவேனிற்கால மூளைக்காய்ச்சல் நச்சுயிரிக்கு நெருங்கிய உறவுடையதாக இருந்தது. இதுவே பெரும் புதிராயிற்று. சைபீரியக் காடுகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவும் இமயமும் உள்ளன. இவ்விடைவெளியைக் கடக்க வல்ல உயிர் பறவையன்றி வேறில்லை. ஆண்டுதோறும் வடக்கிலிருந்து வரும் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணிகள் வழியாக நச்சுயிரி வந்திருக்கலாம் என்னும் கருதுகோள் இவ்வாறு உருவாயிற்று. இக்கருதுகோளுக்கு அப்போது நேரடிச் சான்று ஏதும் இல்லை. எப்பறவை எங்கிருந்து எங்குச் செல்கின்றது என்னும் அடிப்படைத் தகவலே இந்தியாவில் மிகக் குறைவாக இருந்தது.

2. கால்வளைய ஆய்வும் அதன் பொருளுதவியும்

இக்குறையை நீக்கும் பணியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஏற்றது. சலீம் அலியின் வழிகாட்டலில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 1959இல் பறவை வலசைத் திட்டம் தொடங்கியது. வலையில் அகப்பட்ட பறவையின் காலில் எண்ணிட்ட உலோக வளையம் பூட்டி அதனை மீண்டும் பறக்கவிடுவது இம்முறை. அதே பறவை வேறோரிடத்தில் பிடிபட்டாலோ இறந்து கிடந்தாலோ, வளையத்தில் பொறித்த முகவரிக்குச் செய்தி வரும். அதன்வழிப் பறவை சென்ற தொலைவும் திசையும் தெரியவரும். இத்திட்டத்தில் பறவைகளின் உடலிலிருந்த உண்ணிகளும் ஆய்வுக்காகத் திரட்டப்பட்டன. கச்சு, பரத்பூர், கோடியக்கரை ஆகியவை பறவைகளுக்கு வளையமிட்ட இடங்களுள் குறிப்பிடத்தக்கவை. தில்லிக்குத் தெற்கேயுள்ள பரத்பூரும் தமிழகக் கடற்கோடியிலுள்ள கோடியக்கரையும் இவ்வாறு ஒரே ஆய்வின் இரு முனைகளாயின.

தொடக்கப் பொருளுதவி நீண்ட காலத்திற்குப் போதுமானதாக இல்லை. பின்னர் பாங்காக்கைத் தலைமையிடமாகக் கொண்டு எலியட் மக்ளூர் 1963 முதல் 1971 வரை நடத்திய வலசை விலங்கு நோயியல் கணக்கெடுப்பு என்னும் திட்டத்திலிருந்து உதவி கிடைத்தது. ஆசிய நாடுகள் பலவற்றில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு அத்திட்டம் வளையமிட்டது. ஆசியப் பறவைகளின் வலசை பற்றிய அறிவு பெரிதும் விரிவடைந்தது அதனால்தான். ஆயினும் அத்திட்டத்திற்குப் பணம் வழங்கியது அமெரிக்கத் தரைப்படையாகும். பின்னாளில் எழுந்த சிக்கலுக்கு வித்து இதுவே.

3. நாடாளுமன்றக் குழுவின் விசாரணை

அமெரிக்கத் தரைப்படை பறவைகளில் ஆர்வம் கொண்டதற்கு இருவேறு விளக்கங்கள் இருக்க முடியும். அயல்நாடுகளில் போரிடும் வீரர்களைத் தாக்கக்கூடிய நோய்களை முன்னறிவது ஒன்று. நோய்க்கிருமிகளைப் படைக்கலமாகப் பயன்படுத்தும் வழிகளைத் தேடுவது மற்றொன்று. 1969 வரை அமெரிக்கா உயிரியல் படைக்கல ஆய்வை மேற்கொண்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில்தான் குடியரசுத் தலைவர் நிக்சன் அதனைக் கைவிடுவதாக அறிவித்தார். பசிபிக் தீவுகளின் கடற்பறவைகளை ஆராய்ந்த ஸ்மித்சோனியன் நிறுவனத் திட்டத்திற்குப் படைத்துறை பணமளித்த செய்தியும் அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் விவாதத்துக்கு உள்ளாயிற்று. இப்பின்னணியில் இந்தியாவில் எழுந்த ஐயத்தை முற்றிலும் காரணமற்றது எனக் கூறவியலாது.

1974 சூலையில் பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தின் அறிவியல் செய்தியாளர் கே. எஸ். ஜெயராமன் எழுதிய செய்தி இவ்வையத்தைத் தலைநகரின் அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தது. அச்செய்தியின் மையம் தில்லியில் இயங்கிய கொசு மரபியல் கட்டுப்பாட்டுப் பிரிவு ஆகும். அமெரிக்க நிதியில், உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய அப்பிரிவின் பணிகளோடு, பறவை வலசை ஆய்வும் இணைத்துப் பேசப்பட்டது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு ஜோதிர்மய் பாசுவின் தலைமையில் இவற்றை விசாரித்து, 1975 ஏப்ரலில் தன் 167ஆவது அறிக்கையை அளித்தது. இத்தகைய கூட்டாய்வுகளால் இந்தியாவுக்குக் கிடைத்த பயனைவிட அயல்நாட்டுப் படைத்துறைக்குக் கிடைக்கக்கூடிய தகவலின் பயனே மிகுதி என்பது குழுவின் கருத்தாகும். அவ்வாண்டிலேயே கொசுப் பிரிவின் பணி முடிவுக்கு வந்தது.

இவ்விசாரணையில் இருவேறு வினாக்கள் ஒன்றாகக் கலந்துவிட்டமை நோக்கத்தக்கது. ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார், திரட்டிய தகவலை யார் பயன்படுத்துவர் என்பது முதல் வினா. மக்களாட்சியில் மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டிய வினா அது. வலசைப் பறவை உண்மையில் நோய் பரப்புகின்றதா என்பது இரண்டாவது வினா. இதற்கு விடையளிக்க வளையமும் உண்ணியும் குருதி மாதிரியும் வேண்டும். முதல் வினா எழுப்பிய புயலில் இரண்டாவது வினா மறைந்தது. பறவை ஆய்வு என்றாலே உளவு என நோக்கும் மனப்பாங்கு சில காலம் நிலவியது. ஆயினும் பணி அடியோடு நின்றுவிடவில்லை. 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பரத்பூரிலும் கோடியக்கரையிலும் வளையமிடும் பணியை மீண்டும் விரிவாக நடத்தியது.

4. முதல் ஐயத்தின் முடிவு

கியாசனூர் நோய் பற்றிய இரண்டாவது வினாவுக்கு விடை தந்தது காட்டிலேயே நடந்த கள ஆய்வு. நோயைப் பரப்பும் முதன்மை உண்ணியான ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா சைபீரியாவிலிருந்து வந்ததன்று. அந்தக் காட்டுக்கே உரியது. எலி, மூஞ்சூறு போன்ற சிறு பாலூட்டிகளுக்கும் உண்ணிகளுக்கும் இடையே நச்சுயிரி சுழல்கின்றது. குரங்குகளில் அது பெருகுகின்றது. நோயுற்று விழும் குரங்கைச் சுற்றி நச்சுயிரி ஏறிய உண்ணிகள் திரள்கின்றன. காட்டுத் தரையில் இரைதேடும் உள்ளூர்ப் பறவைகள் உண்ணியின் இளம்பருவங்களைச் சுமப்பது உண்டு. ஆனால் வடக்கிலிருந்து வரும் பறவைகளே நோயைக் கொண்டுவந்தன என்பதற்கான சான்று கிட்டவில்லை.

ஹோர்ஹே போஷல் 1969இல் வெளியிட்ட சூழலியல் ஆய்வு மற்றொரு காரணத்தைச் சுட்டியது. மக்கள்தொகை பெருகியதால் காடு திருத்தப்பட்டு வயலாயிற்று. காட்டோரத்தில் கால்நடை மேய்ச்சல் மிகுந்தது. முதிர்ந்த உண்ணிகளுக்கு மாடுகள் ஏராளமான குருதியுணவை அளித்தன. அதனால் உண்ணிகள் பன்மடங்கு பெருகின. அதுவரை காட்டுக்குள் அமைதியாகச் சுழன்றுவந்த நச்சுயிரி மனிதரை எட்டியது. தொலைவான சைபீரியாவில் தேடப்பட்ட காரணம் காட்டோர ஊரின் மேய்ச்சல் நிலத்தில் இருந்தது எனலாம்.

இதனால் இப்பொருளில் ஆய்வு முற்றுப்பெற்றுவிட்டது எனக் கொள்ளலாகாது. 1990களில் சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்ட அல்குர்மா நச்சுயிரி கியாசனூர் நச்சுயிரிக்கு மிக நெருங்கியது என மரபணு ஆய்வு காட்டியது. இவ்விரண்டும் தொல்காலத்தில் எவ்வாறு பிரிந்தன என்னும் வினாவில் பறவைகளின் பங்கு இன்றும் பேசப்படுகின்றது. எனினும் நோய் முதலில் காணப்பட்ட இடத்திலிருந்து 2012க்குப் பின் நீலகிரி, வயநாடு, கோவா என மேற்குத் தொடர்ச்சி மலையையொட்டிய பகுதிகளிலேயே அது வெளிப்பட்டமை அதன் மலைக்காட்டு இயல்பை உறுதிப்படுத்துகின்றது.

5. இன்ஃபுளுவென்சாவும் நீர்ப்பறவைகளும்

இரண்டாவது ஐயம் இன்ஃபுளுவென்சா நச்சுயிரியைப் பற்றியது. இங்குச் சான்றுகள் வேறு திசையைக் காட்டின. 1961இல் தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் ஆலாப் பறவைகள் பெருந்திரளாக மடிந்தபோது, அவற்றிலிருந்து இன்ஃபுளுவென்சா நச்சுயிரி பிரித்தெடுக்கப்பட்டது. ராபர்ட் வெப்ஸ்டர், கிரேம் லேவர் ஆகியோர் ஆஸ்திரேலியப் பவளத் தீவுகளின் கடற்பறவைகளில் அதன் தடயங்களைக் கண்டனர். காட்டு வாத்துகளும் கரைப்பறவைகளும் இன்ஃபுளுவென்சா ஏ வகையின் இயற்கைச் சேமக்கலம் என்னும் கொள்கை 1970களில் நிலைபெற்றது. வாத்தின் குடலில் பெருகும் நச்சுயிரி எச்சத்தோடு நீரில் கலக்கின்றது. குளிர்ந்த நீரில் அது பல நாள் அழியாதிருக்கும். பெரும்பாலும் வாத்துக்கு அதனால் தீங்கு நேர்வதில்லை.

இத்தீங்கற்ற வடிவம் கொடிய வடிவமாக மாறும் இடம் பெரும்பாலும் கோழிப் பண்ணையாகும். நெருக்கமாக அடைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பறவைகளிடையே நச்சுயிரி விரைந்து தாவுகின்றது, தாவுந்தோறும் மாறுகின்றது. 1996இல் சீனாவின் குவாங்டொங் மாநிலத்து வளர்ப்பு வாத்தில் கண்டறியப்பட்ட எச்5என்1, 1997இல் ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றியது; அவர்களுள் 6 பேர் இறந்தனர். பல ஆண்டுகள் பண்ணைகளிலும் சந்தைகளிலும் சுழன்ற பின்னர், அது மீண்டும் காட்டுப் பறவைகளுக்குத் தாவியது. 2005இல் சீனாவின் சிங்காய் ஏரியில் வரித்தலை வாத்து உள்ளிட்ட பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தமை இதன் திருப்புமுனை. மறு ஆண்டு பிப்ரவரியில் மராட்டிய மாநிலம் நவாப்பூர்ப் பண்ணைகளில் இந்தியாவின் முதல் எச்5என்1 தொற்று பதிவாயிற்று.

வரித்தலை வாத்து தமிழகத்துக்குப் புதிதன்று. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்கு அது குளிர்காலத்தில் வருகின்றது. கூந்தன்குளத்திலும் ஒடிசாவின் சில்கா ஏரியிலும் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட வாத்துகள் இமயத்தைக் கடந்து செல்லும் பாதை பின்னர் துல்லியமாக அறியப்பட்டது. 1959இல் உலோக வளையத்தோடு தொடங்கிய பணியின் தொடர்ச்சியாகவே இதனைக் கொள்ள வேண்டும்.

6. தில்லியில் 2016, 2021, 2025

தில்லித் தேசிய உயிரியல் பூங்கா 1959இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே சங்குவளை நாரைகள் அதன் குளத்துத் தீவுகளின் மரங்களில் தாமாக வந்து கூடுகட்டின. அன்று முதல் ஆண்டுதோறும் மழைக்கால முடிவில் அவை வருகின்றன. தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அப்துல் ஜமீல் உர்ஃபி இக்கூட்டத்தைப் பல்லாண்டு ஆராய்ந்துள்ளார். இந்நாரைகள் அடைக்கப்பட்டவையல்ல. யமுனைக் கரையிலும் சுற்றுப்புற நீர்நிலைகளிலும் மேய்ந்து பூங்காவில் குஞ்சு பொரிப்பவை. சைபீரியாவிலிருந்து வருவனவும் அல்ல, உள்நாட்டிலேயே இடம்பெயர்பவை. காட்டுக்கும் கூண்டுக்கும் இடையே அன்றாடம் பறந்து செல்லும் இவை, அவ்விரு உலகங்களுக்கும் பொதுவான குளத்தில் இறங்குகின்றன.

2016 அக்டோபரில் பூங்காவின் நீர்ப்பறவைகள் இறக்கத் தொடங்கின. போபாலிலுள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம் எச்5 வகை நச்சுயிரியை உறுதிசெய்ய, 18ஆம் நாள் பூங்கா மூடப்பட்டது. அது எச்5என்8 எனவும், இந்தியாவுக்குப் புதியது எனவும் தெரிந்தது. குவாலியர் உயிரியல் பூங்காவிலும் அதே மாதம் நாரைகள் இறந்தன. இவ்விரு நச்சுயிரிகளின் மரபணுக்கள், அதே ஆண்டில் ரஷ்யாவிலும் சீனாவிலும் காட்டுப் பறவைகளில் கண்டறியப்பட்டவற்றோடு ஒப்பிடப்பட்டன. அவற்றின் வழிவந்த கலப்பினங்களே இவை எனப் போபால் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டனர். தென்திசை வலசையோடு நச்சுயிரி வந்தது என்பதே அவர்தம் முடிவு. 1957இல் எழுந்து சான்றின்றி நின்ற ஐயம், வேறொரு நச்சுயிரியில் சான்றோடு மெய்ப்பட்டது எனலாம்.

2021 சனவரியில் நிலை சிக்கலானது. இமாசலப் பிரதேசத்தின் பாங் நீர்த்தேக்கத்தில் வரித்தலை வாத்துகள் எச்5என்1ஆல் ஆயிரக்கணக்கில் இறந்துகொண்டிருந்த வேளையில், தில்லியின் மயூர் விகார்ப் பூங்காவில் காகங்களும் சஞ்சய் ஏரியில் வாத்துகளும் இறந்து கிடந்தன. செங்கோட்டை வளாகத்தில் இறந்த காகத்திலும் தொற்று உறுதியானதால் கோட்டை பார்வையாளர்க்கு மூடப்பட்டது. உயிரியல் பூங்காவில் மீன் ஆந்தை ஒன்று இறந்தது. காசிப்பூர்க் கோழிச்சந்தை உடனடியாக மூடப்பட்டது. அங்கு எடுத்த நூறு மாதிரிகளிலும் தொற்று இல்லை எனத் தெரிந்தபின் தடை நீங்கியது. அதற்குள் கோழி வணிகரும் கூலியாட்களும் தம் வருவாயை இழந்திருந்தனர். காகமோ ஊரைவிட்டு நெடுந்தொலைவு செல்லாத பறவை, பிணந்தின்னும் இயல்புடையது. எனவே அது நோயைத் தொலைவிலிருந்து கொண்டுவந்ததாகக் கருதவியலாது. ஊருக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட நோயை அதன் இறப்பு அறிவித்தது என்பதே பொருந்தும்.

அவ்வாண்டு சூலையில் தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவமனையில் அரியானாவைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் எச்5என்1 தொற்றால் இறந்தான். இந்தியாவில் இந்நச்சுயிரியால் பதிவான முதல் மனித இறப்பு இது. பறவைகளைப் பற்றிய ஆய்வு இறுதியில் மனித உயிரைப் பற்றியதே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

2025 ஆகஸ்டு இறுதியில் சங்குவளை நாரைகளின் இறப்பால் உயிரியல் பூங்கா மீண்டும் மூடப்பட்டது. இம்முறை உறுதியானது எச்5என்1. வடபுல வாத்தினங்கள் தில்லியில் பெருந்திரளாக வந்து சேர்வது அக்டோபருக்குப் பின்னரே. ஆகஸ்டில் நேர்ந்த இத்தொற்றுக்கு அவற்றின் அவ்வாண்டு வருகையைக் காரணங்காட்டுவது கடினம். உள்ளூர் நீர்நிலை, வளர்ப்புப் பறவை, கழிவு ஆகியவற்றையும் ஆராய வேண்டிய தேவையை இந்நிகழ்ச்சி மிகுவிக்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. கியாசனூரில் பறவை மீதான ஐயம் கள ஆய்வால் மறுக்கப்பட்டது. 2016இல் அது மரபணுச் சான்றால் உறுதிப்பட்டது. 2021இல் ஒரே நகரில் வாத்து, காகம், கோழி ஆகியவற்றின் பங்கு வெவ்வேறாக இருந்தது. காட்டுப் பறவைகள் நோய் பரப்புகின்றன, பரப்புவதில்லை என்னும் பொதுக் கூற்றுகள் இரண்டும் இவ்வரலாற்றால் ஏற்கப்படவில்லை. எந்நச்சுயிரி, எப்பறவை, எப்பருவம் என்னும் மூன்றும் தெளிந்த பின்னரே விடை கூறவியலும்.

பறவை தொடங்கிய சங்கிலியை நீட்டிப்பது பெரும்பாலும் மனிதச் செயலே என்பது மற்றொரு முடிவு. காட்டோர மேய்ச்சலும் நெருக்கமான கோழிப் பண்ணையும் அவ்வகையின. வலசைப் பறவையைக் கொல்வதாலோ அதன் நீர்நிலையைத் தூர்ப்பதாலோ நோய் நீங்காது. இடமிழந்த பறவைகள் எஞ்சிய குளங்களில் நெருங்கித் திரள்வதால் தொற்று மிகவே வாய்ப்புண்டு.

1975ஆம் ஆண்டு விசாரணை தரும் படிப்பினையும் உண்டு. ஆய்வின் நிதியும் நோக்கமும் மக்கள் முன் வெளிப்படையாக வைக்கப்படாதபோது நல்ல ஆய்வும் ஐயத்திற்கு உள்ளாகின்றது. ஐயத்தால் ஆய்வு தளரும்போது, அடுத்த நோய் வரும் வேளையில் நாடு அறியாமையோடு நிற்கின்றது. உள்நாட்டு நிதியில், இடையறாது, முடிவுகளை உடனுக்குடன் வெளியிட்டு நடைபெறும் பறவைக் கண்காணிப்பே இவ்விரு இடர்களையும் தவிர்க்கும் வழியாகும். சங்குவளை நாரைகள் அடுத்த பருவத்திலும் தில்லிப் பூங்காவின் மரங்களுக்கு வரும். அவை கொண்டுவரும் செய்தியைப் படித்தறியும் ஏற்பாடு முன்னரே அங்கு இருத்தல் வேண்டும்.